ரத்தம் ஏறட்டும், கூட்டிட்டுப் போறேன்

நனைந்த பல்பத்துக்கு ஒரு ருசி உண்டு. சிலேட்டில் எழுதும் அந்தச் சாம்பல் நிறக் குச்சியை எச்சிலில் ஊறவைத்து, கடைவாயில் கொடுத்து ‘கடக்’கென்று கடித்தால் முதலில் ஒரு குளிர்ச்சி வரும், அப்புறம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வாசனை, கடைசியில் பல்லிடுக்கில் நறநறவென்று கொஞ்சம் மாவு நிற்கும். மூன்றாம் வகுப்பில் எனக்கு அதைவிடப் பிடித்த தின்பண்டம் கிடையாது. மற்ற பிள்ளைகள் தேன்மிட்டாய்க்கு ஓடும்போது நான் வகுப்பறை மூலையில் யாரோ தவறவிட்ட பல்பத் துண்டைத் தேடிக்கொண்டிருப்பேன். பச்சரிசியும் தின்பேன், யாரும் பார்க்காவிட்டால் அடுப்புச் சாம்பலும் தின்பேன். “மண்ணுதிங்கி” என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ரத்தம் குறைந்த உடம்புதான் இப்படிக் கண்டதையும் கேட்கும் என்பது எனக்கும் தெரியாது, என்னை வைதவர்களுக்கும் தெரியாது.

இப்போது தேனியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். “மாத்திரை தொண்டையில எறங்க மாட்டேங்குதும்மா, வேற மாதிரி ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டு யாராவது வராத நாள் இல்லை. இருக்கிறது, எத்தனையோ இருக்கிறது. ஜெல்லி மிட்டாய் போலச் சப்பித் தின்பது, தண்ணீரில் போட்டதும் ‘புஸ்’ஸென்று பொங்கிக் கரைவது, நாக்குக்கடியில் பீச்சிக்கொள்வது, பாலில் கலக்கும் பொடி, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து. இத்தனையையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு, இரும்புச்சத்து என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் நினைவில் வருவது ஒரு தவக்காலமும், மஞ்சப்பையில் வந்த டீத்தூளும், என் அம்மாவும்தான்.

அம்மா பெயர் புஷ்பம். குமுளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் வேலை பார்த்தார். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டதால் எனக்கு அவர் முகம் தெரியாது. தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளை ‘லயம்’ என்பார்கள். அதில் ஓர் அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். ஒருநாள் அம்மா வேலைக்குப் போயிருந்தபோது அந்த அறைக்குள் நான் மயங்கி விழுந்துவிட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு ஒடம்புல ரத்தமே இல்லை, இந்தக் குளிரு தாங்காது, கீழ கொண்டுபோய் விடும்மா” என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பேச்சில் ‘மேல’ என்றால் கேரளத்து மலை, ‘கீழ’ என்றால் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், மெயின்ரோட்டை ஒட்டி இருந்த மாமா வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டார் அம்மா.

விட்ட அன்றைக்கு ஜீப்பில் ஏறுமுன் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ரத்தம் ஏறட்டும் ஆத்தா. பெரிய லீவு விட்டதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கிருவோம்.” அவ்வளவுதான், அதற்கப்புறம் என் உலகத்தில் ரத்தத்தைத் தவிர வேறு விஷயமே இல்லை. முழுப்பரீட்சை முடிவதற்குள் அது ஏறியாக வேண்டும். ஏறினால் அம்மா, ஏறாவிட்டால் மாமா வீடு.

மாமா வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஞானம்மா அத்தை நேரத்துக்குச் சோறு போட்டார், தலை சீவிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். ஆனால் என்னோடு பேசுவதற்கு அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை. அவருடைய பிள்ளைகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தார்கள். மாமா விடியுமுன்பே திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் சுவரும்தான். ரோட்டோரத்துச் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, மேலே போகும் ஜீப்புகளையும் மேலேயிருந்து வரும் ஜீப்புகளையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே இறங்கும் ஜீப்பெல்லாம் எனக்கு அம்மா இருக்கும் ஜீப்புதான், பக்கத்தில் வந்து கடந்து போகும்வரைக்கும்.

துணைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா விரலில் குத்தி, கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை விட்டு நிறம் பார்த்துவிட்டு, “ஏழுதான் இருக்கு, பத்தாச்சும் தாண்டணும்” என்று மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரைக்கும் என் தொண்டைக்கும் ஜென்மப் பகை. தண்ணீர் போய்விடும், மாத்திரை நாக்கிலேயே நிற்கும். வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தார் அத்தை. பழம் இறங்கியது, மாத்திரை திரும்பி வந்தது. கருப்பட்டியில் பொதிந்து கொடுத்தார். கருப்பட்டி மேல் இருந்த ஆசையில் வாயிலேயே வைத்துச் சப்பி, உள்ளே இருந்தது நாக்கில் பட்டதும் முற்றமெல்லாம் வாந்தி எடுத்தேன். “ஏத்தா, நாளைக்குப் புதுநன்மை வாங்கறப்ப என்னடி செய்வ? சாமியார் நாக்குல வச்சதையும் துப்பிருவியா?” என்று கேட்டார் அத்தை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் அந்த நாளை நினைத்து நான் உண்மையிலேயே பயந்து அழுதேன்.

நர்ஸம்மா சிரித்தார். “மாத்திரை எறங்கலேன்னா விடுங்க. சத்து மாத்திரைக்குள்ள மட்டுமா இருக்கு?” என்று டானிக் பாட்டிலைக் கொடுத்தார். பல்லில் பட்டால் கறுத்துப்போகும் என்று பப்பாளி இலைக் காம்பை வெட்டி, குழல் மாதிரி தொண்டைப்பக்கம் வைத்து உறிஞ்சச் சொன்னார். பப்பாளிப் பாலின் காறலும் டானிக்கின் துருப்பிடித்த ருசியும் சேர்ந்து, யம்மாடி, சாமி சத்தியமாய்ச் சொல்கிறேன், நரகத்தில் தாகம் எடுத்தால் அதைத்தான் கொடுப்பார்கள். காலை வெயிலில் நிற்கச் சொன்னார், எலும்புக்கு நல்லது என்று. முருங்கைக்கீரையை இரும்புச் சட்டியில் வதக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது. அம்மா வாராவாரம் சனிக்கிழமை சாயங்கால ஜீப்பில் இறங்கியதும் நேரே கறிக்கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் கொல்லையில் கரியைப் பற்றவைத்து, அந்தக் கருஞ்சிவப்புத் துண்டைக் கம்பியில் குத்தி வாட்டி, உப்பும் மிளகும் தூவி, ஊதி ஊதி என் வாயில் போடுவார். பஞ்சு மாதிரி இருக்கும், ஓரத்தில் லேசான கசப்பு. எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று நான் யோசித்ததே இல்லை. அம்மா கையில் இருந்து வந்தது, தின்றேன். அது முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் டீ. அம்மா கொண்டுவந்த டீத்தூளில் அம்மா போட்ட டீ.

தோட்டத்தில் ஆட்களுக்கு மாதாமாதம் டீத்தூள் கொடுப்பார்கள். அம்மா அதை மஞ்சப்பையில் கட்டிக் கீழே கொண்டுவந்து ஒரு தகர டப்பாவில் கொட்டி வைப்பார். “நான் கிள்ளுன கொழுந்துத்தா இது, கடையில எங்கன கெடைக்கும் இந்த மணம்?” என்பார். திங்கட்கிழமை விடியற்காலையில் ஜீப்பில் போய்விடுவார். டப்பா இருக்கும். அதைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். லயத்து அறையின் வாசனை, அம்மா சேலையின் வாசனை எல்லாம் அதற்குள் இருந்தது.

இப்படி நாலைந்து ஞாயிறு போய், ரத்தம் லேசாக அசைந்து கொடுக்க ஆரம்பித்த நேரத்தில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது.

ஞானம்மா அத்தைக்குத் தவக்காலம் என்றால் விளையாட்டில்லை. ஊரில் பலர் வெள்ளிக்கிழமை மட்டும் ‘சுத்தபோசனம்’ இருப்பார்கள், அதாவது கறி மீன் தொட மாட்டார்கள். அத்தை சாம்பல் பூசிக்கொண்ட நாளிலிருந்து பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரைக்கும் வீட்டுக்குள் கவுச்சியே சேர்க்க மாட்டார். அதற்குமேல் அவருடைய சொந்த ஒறுத்தலாகப் பாலையும் விட்டுவிடுவார். அவர் விட்டால் வீடே விட்டமாதிரி. சனிக்கிழமை வந்த அம்மா விஷயம் தெரிந்து, “மதினி, பிள்ளைக்கு மருந்து மாதிரிதான, கொல்லையில வச்சாச்சும்...” என்று இழுத்தார். “ஆண்டவரு சிலுவையில தொங்குறாரு, இவளுக்குக் கறி கேக்குதாக்கும்? கீரையில இல்லாத சத்தா?” என்றார் அத்தை. பிள்ளையை ஒரு வீட்டில் விட்டுவைத்திருப்பவள் அந்த வீட்டுக்காரியோடு எப்படி வழக்காடுவாள்? எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. எனக்காக அம்மா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

அத்தையும் என்னைப் பட்டினி போடவில்லை. கறிக்கு ஈடாக எதையெல்லாம் கொடுக்கலாமோ அதையெல்லாம் கொடுத்தார். காலையில் கருப்பட்டி போட்ட கேப்பைக்கூழ். மத்தியானம் முருங்கைக்கீரை, மறுநாளும் முருங்கைக்கீரை. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் என்பது அத்தையின் கணக்கு, அதனால் பீட்ரூட். கறுப்பாக இருப்பது இன்னும் கெட்டி ரத்தம்; அதனால் மாமா தோட்டத்திலிருந்து அள்ளிவரும் உதிரிப் பன்னீர்த் திராட்சையும் பேரீச்சம்பழமும். நானும் மறுக்காமல் தின்றேன். ஒரு கவளம் உள்ளே போகும்போதெல்லாம் ஜீப் ஒரு வளைவு மேலே ஏறுவதாக நினைத்துக்கொள்வேன். குமுளி மலைப்பாதையில் எத்தனை வளைவு இருக்கிறதோ அத்தனை கவளம் தின்றால் அம்மாவிடம் போய்விடலாம் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

ஒவ்வொரு சாப்பாடும் முடிந்த கையோடு கட்டஞ்சாயா. மேலே இருந்தவர்களுக்கெல்லாம் பாலில்லாத டீக்கு அந்தப் பேர்தான். பால் நிறுத்தியதால் அத்தையும் அதைத்தான் குடித்தார், எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். டானிக்கின் துருவாடை போகவும் அதுதான், முருங்கைக்கீரையின் கசப்புப் போகவும் அதுதான். அதற்கெல்லாம் மேலாக, அதைக் குடிக்கும்போது மட்டும் நான் தனியாக இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஆவியில் முகத்தை வைத்துக்கொண்டு பாலத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்மா கிள்ளிய இலை என் வயிற்றுக்குள் போகிறது என்று நினைப்பேன். சில நாள் அத்தைக்குத் தெரியாமல் இரண்டாவது டம்ளரும் குடிப்பேன்.

தவக்காலத்தின் நடுவில் நர்ஸம்மா மறுபடி விரலில் குத்தினார். ஏறவில்லை. ஏறாதது மட்டுமில்லை, கொஞ்சம் ஏறியிருந்ததும் இறங்கிவிட்டது. அந்தச் சனிக்கிழமை என் இமையை இழுத்துப் பார்த்த அம்மாவின் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். “இம்புட்டையும் தின்னுட்டு எங்கனத்தா போகுது?” என்றார். கண்ணேறு என்றார் அத்தை, பூச்சிக்கு மருந்து கொடு என்றார் மாமா. நான் பாலத்துக்குப் போய்விட்டேன். பெரிய லீவு நெருங்கிக்கொண்டிருந்தது.

மறு வாரத்தில் ஒரு மத்தியானம் நர்ஸம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளை என்னதான் சாப்பிடுகிறாள் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். அத்தை பெருமையாக எல்லாவற்றையும் எடுத்துக்காட்டினார். கீரை, சரி. கூழ், சரி. டானிக், சரி. நர்ஸம்மாவுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போலக் கட்டஞ்சாயா டம்ளரை எடுத்து வாயில் வைத்தேன்.

“ஏடி, நில்லு நில்லு! இது என்ன?” என்றார் நர்ஸம்மா.

“அவுக அம்மா கொண்டாந்த டீத்தூளு. நல்ல தூளு, நீங்களும் ஒரு வாய் குடிங்க” என்றார் அத்தை.

“தெனமுமா? சாப்பிட்ட ஒடனயா? டானிக்குக்குப் பெறகும் இதானா?” என்று கேட்டுவிட்டு நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “நல்லா இருக்குய்யா கதை. கீரையில இருக்கிற அம்புட்டு இரும்பையும் இந்தத் தண்ணி புடிச்சு வச்சுக்கிரும், ஒடம்புல ஒட்டவே விடாது. இனிமே இவ கண்ணுலகூட டீயக் காட்டாதீக. சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காயக் கடிக்கச் சொல்லுங்க, அது உள்ள இழுத்துவிடும்.”

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் வைத்து அத்தை இதை அம்மாவிடம் சொன்னார். குறை சொல்லும் குரலில்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது, அம்மா தூளைப் போடவில்லை. “நாந்தான் சொமந்து வந்து குடுத்தேனா?” என்று மட்டும் கேட்டார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு தண்ணீரைக் கீழே ஊற்றினார். எனக்கு நெல்லிக்காய் கொடுத்தார். அவரும் டீ குடிக்கவில்லை. மறுநாள் ஜீப்பேறும்போது தகர டப்பாவைச் சேலைக்குள் வைத்து மேலே கொண்டுபோய்விட்டார். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, டப்பா இருந்த பலகையைப் பார்த்தேன். அடியில் வட்டமாகத் தூசி படியாத இடம் ஒன்று இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, “டீக்காடி இந்த அழுகை?” என்றார்.

அப்புறம் ஏறியது. மளமளவென்று ஏறியது. பாஸ்கா வந்தது, சுவரொட்டியும் திரும்பி வந்தது. பல்பத்தின் மேல் இருந்த ஆசை எப்போது போனதென்றே தெரியாமல் போய்விட்டது. முழுப்பரீட்சை முடிந்த வாரம் நர்ஸம்மா கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “தாண்டிருச்சுடி அமலி!” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். வீட்டுக்கு ஓடிவந்து ஒயர்க்கூடையில் என் பாவாடை சட்டைகளை அடுக்கினேன். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே கூடையோடு பாலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா இறங்கினார். இமையை இழுத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். கூடையைப் பார்த்ததும் அதைத் தூக்கிக்கொண்டு, என்னை வீட்டுக்கு நடத்திப் போனார். மறுநாள் சாயங்காலம்தான் சொன்னார். “இங்கன இருக்கப்போயித்தான ஆத்தா ஒடம்பு தேறுன. அங்கன வந்தா மறுபடியும் விழுந்துருவ. இங்கனயே இரு. நல்லா இருக்கேல்ல, அது போதும் எனக்கு.”

நான் அழவில்லை, பிடிவாதம் பிடிக்கவில்லை. எட்டு வயசுப் பிள்ளைக்கு வாதாடத் தெரியுமா? ஏறினால் கூட்டிப் போகிறேன் என்றார், ஏறியதால் விட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. கோபம் அம்மாவின் மேல்கூட இல்லை, என் உடம்பின் மேல். மறுபடி கட்டஞ்சாயா குடித்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் அந்த டப்பா அங்கே இல்லையே.

அதற்குப் பிறகு என் இமை சிவக்கச் சிவக்க அம்மாவின் வரவு குறைந்தது. கொழுந்து அதிகமான மாதங்களில் ஞாயிறும் வேலை இருந்தது. சுவரொட்டி வாங்கவேண்டிய அவசியம் இல்லாதபோது, இறங்கி வரவேண்டிய அவசரமும் இல்லாமல் போயிற்று. ஜீப் டிரைவர் பாலத்தருகே வேகத்தைக் குறைத்து, “ஒங்கம்மா கேட்டாகத்தா, நல்லா இருக்கியான்னு!” என்று கத்துவார். “நல்லா இருக்கேன்னு சொல்லுங்க!” என்று நானும் கத்துவேன். ஜீப் போய்விடும். நல்லா இருக்கேன் என்ற அந்த ஒரு பதிலால்தான் அம்மா வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

பிற்பாடு மருந்தாளுநர் படிப்புப் படித்தபோது ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீயை நிறுத்தவே வேண்டியதில்லையாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதுமாம். நான் நோட்டை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் அம்மா கீழே ஊற்றிய தண்ணீர்தான் கண்ணுக்குள் நின்றது.

மாமாவும் அத்தையும் காலமான பிறகு, வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மா அதே வீட்டில் தனியாக இருக்கிறார். போன வருஷம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, பார்த்தால் ரத்தம் குறைந்திருந்தது. காரணம் தேடிச் செய்ய வேண்டிய பரிசோதனையெல்லாம் செய்து, பெரிதாக ஒன்றுமில்லை, சத்துதான் போதவில்லை என்றார் டாக்டர். அம்மாவுக்கும் மாத்திரை இறங்காது; அந்தத் தொண்டை எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கடையில் இருக்கும் எல்லா வழியையும் அவரிடம் கொண்டுபோனேன். பொடி, சொட்டு, சப்பித் தின்பது. ஞாயிறுதோறும் கம்பத்தில் இறங்கிச் சுவரொட்டி வாங்கிக்கொண்டு போய், வாட்டிக் கொடுத்து, அவர் சாப்பிட்டதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடி வருவேன். எங்கள் வீடு கடைக்கு மேலே, செங்குத்தான படி. “ரத்தம் ஏறட்டும்மா, படியேறத் தெம்பு வரட்டும். தேனிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். யாருடைய வார்த்தையைச் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏறவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், அசையவே இல்லை. ஒரு ஞாயிறு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, செல்போனை மறந்து வைத்தது நினைவுவந்து திரும்பினேன். அம்மா கொல்லைப் படியில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். சுவரொட்டி தின்ற தட்டுகூட இன்னும் கழுவவில்லை.

“என்னம்மா இது?”

“டீத்தா.”

“சாப்பிட்ட கையோட குடிக்கலாமா? ஒனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?” என்றார் அம்மா. டம்ளரை மறைக்கவும் இல்லை. “ஏறிருச்சுன்னா நல்லா இருக்கன்னு சொல்லி, மாசத்துக்கு ஒருக்கா வருவ. நான் வந்தது அப்பிடித்தான?”

“அதான் தேனிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேன்ல?”

“நானுந்தான் சொன்னேன்.”

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். “ஏம்மா கூட்டிட்டுப் போகல?”

அம்மா டம்ளரைப் பார்த்தபடி சொன்னார். “விடியுமுன்ன வேலைக்குப் போனா இருட்டுனப் பெறகுதான் லயத்துக்கு வருவேன். நீ அன்னிக்கு எம்புட்டு நேரம் மயங்கிக் கெடந்தன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி பாத்து ஆளனுப்பலேன்னா என்ன ஆயிருக்கும்? அங்கன வந்தாலும் நீ ஒத்தையிலதான் கெடப்ப. கீழ இருந்தா, வர்ற அன்னிக்காச்சும் முழுசா ஒங்கூட இருப்பேன்னு நெனச்சேன். பெறகு அதுவும் முடியாமப் போச்சு.” டம்ளரைக் கீழே வைத்தார். “தேனிக்கு வந்தா நீ கடைக்கு எறங்கிப் போயிருவ. நான் மாடியில ஒக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பேன். இங்கன இருந்தா ஞாயித்துக்கெழமை நீ எனக்குத்தான்.”

அந்தப் பாலத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்த பிள்ளைக்கு அது தெரியாதா? “டீய விடவேணாம்மா” என்றேன். “சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடி. அது போதும்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“அன்னிக்கும் அம்புட்டுத்தானா?” என்றார் அம்மா. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது பைபாஸ் வந்துவிட்டது. ஜீப்புகள் ஊருக்குள் வருவதில்லை, பாலத்துக் கைப்பிடிச் சுவரையும் இடித்துவிட்டார்கள். நாங்கள் இருந்த லயத்தில் ஆளில்லை, கூரை இறங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். பல்பம் கேட்டால் கடைக்காரப் பையன்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் ஞாயிறுதோறும் போகிறேன். கரியில் வாட்டி, ஊதி, அம்மாவின் தட்டில் வைக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் முன்போல பஸ்ஸுக்கு ஓட முடியாது. டீ குடிக்க இரண்டு மணி நேரம் ஆக வேண்டுமே, நான் போனால் அவர் அதுவரைக்கும் பொறுக்க மாட்டாரே. கொல்லைப் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம், பேச்சு தீர்ந்தால் சும்மா உட்கார்ந்திருப்போம். அவர் இமையை இழுத்துப் பார்க்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கிறது. “ஏறிருச்சா?” என்று பயந்தமாதிரி கேட்கிறார். “ஏறுதும்மா. ஏறுனாலும் வருவேன்” என்கிறேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

போன ஞாயிறு நேரமாகிவிட்டதென்று எழுந்தேன். “ரெண்டு மணி நேரம் ஆயிருச்சும்மா, டீ போடவா?”

அம்மா என் சேலை முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார். “இருத்தா. இன்னுஞ் செத்த நேரம் போகட்டும். டீ எங்க போகப்போகுது?”